சியூ ஜின்னைப் பார்க்க எந்த ரயில்?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் சீனத்துப் புரட்சிக்காரி சியூ ஜின்னைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். வாளோடு நிற்கும் அவருடைய பளிங்குச் சிலையின் படமும் போட்டிருந்தோம். என் பத்தியைவிடப் படம்தான் வேலை செய்திருக்கிறது. வந்த கடிதங்களில் பாதி, அந்தச் சிலை எங்கே இருக்கிறது, எப்படிப் போவது என்றே கேட்கின்றன. கணவரின் வேலை காரணமாக ஷாங்காயில் சில ஆண்டுகள் குடியிருந்தவள் என்பதால் வழி சொல்லும் தகுதி எனக்குக் கொஞ்சம் உண்டு. மீதிப் பாதி வம்புக் கேள்விகள். அவையும் எனக்குப் பிடித்தவைதான்.

கேள்வி (கல்லூரி மாணவி ஒருவர்): அம்மா, கவிஞர் என்கிறீர்கள், வாள் என்கிறீர்கள், தலையை வெட்டினார்கள் என்கிறீர்கள். நடுவில் என்ன நடந்தது என்று சொல்லவே இல்லையே?

பதில்: அன்று இடம் போதவில்லை, கண்ணு. இன்று கேட்டுக்கொள்.

சியூ ஜின்னின் பூர்வீகம் செஜியாங் மாகாணத்து ஷாவோசிங். படித்த அதிகாரிக் குடும்பம். அக்கால வழக்கப்படி சிறுமியாக இருக்கும்போதே பாதத்தைக் கட்டிவிட்டார்கள். ஹூனான் மாகாணத்துப் பணக்கார வீட்டுப் பையனுக்கு மணமுடித்து வைத்தார்கள். ஒரு மகன், ஒரு மகள். கணவரின் உத்தியோகத்துக்காகக் குடும்பம் பெய்ஜிங் போனது. அங்கேதான் பத்திரிகைகளும் நல்ல தோழிகளும் கிடைத்தார்கள். வெளிநாட்டுப் படைகள் தலைநகருக்குள் புகுந்து சூறையாடிவிட்டுப் போன சில ஆண்டுகளுக்குள் நடக்கிற கதை இது. அப்போது சீனாவை ஆண்டது மஞ்சு அரச வம்சம். ‘இந்த மஞ்சு அரசால் இனி ஒன்றும் ஆகாது’ என்று படித்தவர்கள் வாய்விட்டுப் பேசத் தொடங்கியிருந்தார்கள்.

1904இல் நகைகளை விற்று, கணவரையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு, தனியாக ஜப்பானுக்குக் கப்பல் ஏறினார். கட்டிய பாதத்தை அவிழ்த்துக்கொண்டார். ஆண் உடை உடுத்தினார், குதிரை ஏறினார், குடித்தார், மேடையில் பேசினார். கிமோனோ உடுத்திக் கையில் குத்துவாளோடு எடுத்துக்கொண்ட புகைப்படம் ஒன்று இருக்கிறது. அந்தப் பார்வையை ஒரு தடவை பார்த்தால் மறக்காது. 1905இல், மன்னராட்சியை வீழ்த்தக் கிளம்பிய தலைவர் சுன் யாட்-சென்னின் புரட்சிக் கூட்டணியில் சேர்ந்தார். நாடு திரும்பி, 1907 ஜனவரியில் ஷாங்காயில் பெண்களுக்காக ஒரு பத்திரிகை தொடங்கினார். இரண்டு இதழ்களோடு காசு தீர்ந்துபோனது. பத்திரிகை நடத்துகிறவர்களுக்கு இந்த இடம் புரியும்.

பிறகு ஷாவோசிங்கில் டத்தோங் பள்ளிக்கூடத்தின் பொறுப்பை ஏற்றார். வெளியே பார்த்தால் பள்ளி, உள்ளே ஆயுதப் பயிற்சி. இரண்டு மாகாணங்களில் ஒரே சமயத்தில் கிளர்ச்சி என்பது திட்டம். அன்ஹுய் மாகாணத்தில் இருந்த தோழர் ஷு ஷிலின் முந்திக்கொண்டார். 1907 ஜூலை 6 அன்று அந்த மாகாண ஆளுநர் என்மிங்கைச் சுட்டுக் கொன்றார், பிடிபட்டார், கொல்லப்பட்டார். அந்தச் செய்தி வந்ததுமே சியூ ஜின் தப்பித்திருக்கலாம். சொன்னவர்களும் உண்டு. மாணவர்களை அனுப்பிவிட்டு, ஆயுதங்களை ஒளித்துவிட்டு, அவர் மட்டும் அங்கேயே இருந்தார். ஜூலை 13 அன்று படை வந்து பள்ளியைச் சூழ்ந்தது. 15ஆம் தேதி விடியும் முன் ஷுவான்டிங்கோ என்ற நாற்சந்தியில் தலையை வெட்டினார்கள். முப்பதைத் தாண்டி ஓரிரண்டு வயது. ஐந்து ஆண்டு முடிவதற்குள் அந்த அரச வம்சமே இல்லாமல் போய்விட்டது.

விசாரணையில் அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. வாக்குமூலம் எழுது என்று காகிதம் கொடுத்தார்கள். ‘இலையுதிர்காலக் காற்றும் இலையுதிர்கால மழையும் ஆளைத் துயரத்தால் கொல்கின்றன’ என்ற பழைய கவிதை வரி ஒன்றை எழுதித் தந்தாராம். அந்தக் காகிதத்தைக் கொடுத்த வட்டார நீதிபதி லி சோங்யுவே என்பவரைப் பற்றி நான் முதலில் படித்தபோது வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மேலிடம் கேட்டபடி சித்திரவதை செய்ய அவர் மறுத்தார். தண்டனையை நிறைவேற்றும் வேலை மட்டும் அவர் தலையில் விழுந்தது. பதவி போனது. சில மாதங்களில் தூக்குப் போட்டுக்கொண்டார்.

கேள்வி (ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை): என் மகன் ஷாங்காயில் இருக்கிறான். போகும்போது சியூ ஜின் தொடர்பான இடங்களைப் பார்க்க ஆசை. முழங்கால் வலி உண்டு. இரண்டு நாளில் எவற்றைப் பார்க்கலாம்?

பதில்: தாராளமாகப் பார்க்கலாம் டீச்சர். ஆனால் எல்லோரும் செய்வதுபோல நேரே ஹாங்சோ போய்ச் சிலைக்கு முன்னால் நிற்காதீர்கள். முதல் நாள் ஷாவோசிங், மறுநாள் ஹாங்சோ. வாழ்ந்த வீட்டையும் விழுந்த தெருவையும் பார்த்த பிறகு கல்லறைக்குப் போனால்தான் அந்தக் கல் பேசும்.

ஷாங்காய் ஹாங்சியாவோ நிலையத்திலிருந்து ஷாவோசிங் வடக்கு நிலையத்துக்கு அதிவேக ரயில் இருக்கிறது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். டிக்கெட் பாஸ்போர்ட் எண்ணில்தான் பதிவாகும், நிலையத்தில் நுழையவும் பாஸ்போர்ட் வேண்டும். அறையில் வைத்துவிட்டு வராதீர்கள். கைப்பேசியில் பணம் செலுத்தும் அலிபே, வீசாட் இரண்டிலும் இப்போது வெளிநாட்டு அட்டையை இணைக்கலாம். மகனிடம் சொல்லி முன்பே இணைத்துக்கொள்ளுங்கள்.

ஷாவோசிங் கால்வாய்களின் ஊர். கறுப்புக் கூரை போட்ட சின்னப் படகுகளைக் காலால் துடுப்பு உதைத்து ஓட்டுவார்கள். புளித்த தோஃபு பொரிக்கும் வாடை தெருவெங்கும் வரும். அதற்குப் பயந்து திரும்பிவிடாதீர்கள், பழகிவிடும். வீடு இருப்பது ஹெசாங்டாங் என்ற சந்தில், ஒரு சிறு குன்றின் அடிவாரத்தில். வெள்ளைச் சுவர், கறுப்பு ஓடு, உள்ளே அடுத்தடுத்து முற்றங்கள். படுக்கையறைச் சுவருக்குப் பின்னால் ஒரு மறைவிடம் இருக்கிறது. காகிதங்களையும் ஆயுதங்களையும் அங்கே வைத்திருந்தார். ஒரு ஆள் ஒடுங்கி நிற்கிற அளவு இருட்டு. எதிரே அவருடைய மேசை. நான் போன நாளில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வந்திருந்தார்கள். எல்லோருக்கும் அந்த மறைவிடத்தை எட்டிப் பார்ப்பதில்தான் குறி. வழிகாட்டிப் பெண் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. முற்றங்களுக்கு நடுவே வாசற்படிகள் உயரமானவை, முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது டத்தோங் பள்ளி. காட்சிப் பலகைகள் அதிகம், சீனம் தெரியாவிட்டால் சீக்கிரம் சலித்துவிடும். முற்றத்தில் சற்று உட்கார்ந்துவிட்டு வந்தாலே போதும்.

பிறகு ஷுவான்டிங்கோ. அமைதியான இடமாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். நகரத்தின் நட்டநடு, வண்டிகளும் கடைகளும் நிறைந்த ஜியேஃபாங் சாலை. அதில் 1930இல் எழுப்பிய நினைவுத்தூண் நிற்கிறது. அதன் வாசகத்தை எழுதியவர் சாய் யுவான்பெய், பெய்ஜிங் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற தலைவராக இருந்த அதே ஷாவோசிங்காரர். எழுத்தோவியம் யூ யோரென். ஒரு மரண தண்டனையைக் கூட்டம் கூட்டி நடத்தத் தேர்ந்தெடுத்த இடம் பிறகு எப்படி அமைதியாக இருக்கும்? அன்றும் அது சந்தைத் தெருதான். மின் ஸ்கூட்டர்கள் சத்தமே இல்லாமல் வந்து இடிக்கும், சாலையைக் கடக்கும்போது நினைவுத்தூணைப் பார்க்காமல் சாலையைப் பாருங்கள்.

மறுநாள் ஹாங்சோ. ஷாவோசிங்கிலிருந்து ரயிலில் அரை மணி கூட ஆகாது. அங்கே மேற்கு ஏரியில் ‘உடைந்த பாலம்’ என்று பெயர்கொண்ட பாலத்திலிருந்து பாய் கரை வழியாக நடந்தால் குஷான் என்ற தீவுக் குன்று வரும். அதன் மேற்கு நுனியில், ஷிலிங் பாலத்தருகில் சியூ ஜின்னின் கல்லறையும் சிலையும். முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் யுவே ஃபெய் என்ற பழைய தளபதியின் கோயில் வரை வாடகைக் காரில் வந்து அங்கிருந்து நடங்கள், கிட்டத்தில்தான். மே முதல் வாரமும் அக்டோபர் முதல் வாரமும் வேண்டவே வேண்டாம். நாடே விடுமுறையில் அந்த ஏரிக்கரைக்கு வந்துவிடும்.

கேள்வி (வங்கி ஊழியர் ஒருவர்): சீன எழுத்தாளர் லூ சுன்னின் கதை ஒன்றில், வெட்டப்பட்டவரின் ரத்தத்தில் தோய்த்த ரொட்டியைக் காசநோய்க்கு மருந்தாக வாங்குவார்கள். அது சியூ ஜின்னின் ரத்தம்தானா?

பதில்: ‘மருந்து’, 1919. லூ சுன்னும் ஷாவோசிங்காரர்தான், ஜப்பானில் சியூ ஜின் இருந்த காலத்தில் அவரும் அங்கே மாணவர். கதையில் வெட்டப்படுவது சியா யூ என்ற ஓர் இளைஞன். ஆனால் ரத்தம் வாங்கப் போகிற இடத்தில் ஒரு பழைய பலகை தொங்குகிறது. அதில் உள்ள இடப்பெயரில் ஓர் எழுத்தை மட்டும் லூ சுன் காலியாக விட்டிருப்பார். நிரப்பினால் ஷுவான்டிங்கோ. அந்தக் கட்டத்தை நிரப்ப ஷாவோசிங்கில் யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை.

ரொட்டியும் நோயாளியும் கதை. கூட்டம் வேடிக்கை பார்த்தது கதையல்ல. உங்களுக்கு அவகாசம் இருந்தால் கதையை ஒரு முறை படித்துவிட்டு அந்த நாற்சந்திக்குப் போங்கள். கதையின் கடைசியில் கல்லறை மேல் யாரோ வைத்த பூமாலை ஒன்று வரும். அது தான் வலிந்து சேர்த்தது என்று லூ சுன்னே பிற்பாடு ஒப்புக்கொண்டார். பரவாயில்லை, எனக்கு அந்தப் பூ வேண்டியிருக்கிறது.

கேள்வி (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்): சியூ ஜின்னின் கல்லறையை அடிக்கடி இடம் மாற்றினார்களாமே? யார், எதற்கு?

பதில்: வந்த கடிதங்களிலேயே நல்ல கேள்வி இதுதான். கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

கொல்லப்பட்ட அன்று உடலை எடுக்க உறவினர்கள் வரவில்லை. வந்தால் அவர்களும் பிடிபடுவார்கள். அநாதைப் பிணங்களை அடக்கம் செய்யும் தர்ம சங்கத்தார் எடுத்து ஊரோரம் புதைத்தார்கள். ஆனால் சியூ ஜின் தான் எங்கே கிடக்க வேண்டும் என்று முன்பே சொல்லி வைத்திருந்தார். அதே 1907இன் தொடக்கத்தில் ஷு ஜிஹுவா என்ற ஆசிரியைத் தோழியோடு மேற்கு ஏரிக்குப் போய், யுவே ஃபெய்யின் சமாதிக்கு முன் நெடுநேரம் நின்றார். யுவே ஃபெய் பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தளபதி, பொய்க் குற்றச்சாட்டில் 1142இல் கொல்லப்பட்டவர். நான் செத்தால் என்னை இங்கே ஷிலிங் பாலத்தருகில் புதை என்று தோழியிடம் வாக்கு வாங்கினார்.

வாக்கைக் காப்பாற்றியவர்கள் இரண்டு பெண்கள். ஷு ஜிஹுவா இடம் வாங்கிக் கல்வெட்டு வாசகம் எழுதினார். பெய்ஜிங் காலத்துத் தோழி வூ ஜியிங், நாடறிந்த எழுத்தோவியர், அந்த வாசகத்தைத் தன் கையால் எழுதினார். ராஜத்துரோகி என்று வெட்டப்பட்ட ஒருத்தியை 1908இல் அந்த இரண்டு பெண்களும் நாட்டின் மிக அழகான ஏரிக்கரையில், ஊர் அறிய, கூட்டம் கூட்டி அடக்கம் செய்தார்கள். சியூ ஜின்னின் வீரத்தைப் பாடாதவர் இல்லை. இவர்கள் இருவரையும் நினைப்பவர் குறைவு. அடுத்த முறை இவர்களுக்கென்று ஒரு பத்தி எழுதுவேன்.

அந்த ஆண்டே அரசு அதிகாரி ஒருவர் ஏரிப்பக்கம் வந்தார், கல்லறையைப் பார்த்தார், தரைமட்டமாக்கு என்று மேலிடத்துக்கு எழுதினார். தோழிகளையும் கைது செய்யச் சொன்னார். சியூ ஜின்னின் அண்ணன் இரவோடிரவாகச் சவப்பெட்டியை ஷாவோசிங்குக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து கணவரின் ஊரான ஹூனானுக்குப் போனது. உயிரோடு இருந்தபோது விட்டுவிட்டு வந்த வீட்டுக்குப் பெட்டியில் திரும்பியதைப் பாருங்கள். குடியரசு வந்ததும் காட்சி மாறியது. 1912இல் சாங்ஷா நகரத்துக் குன்றொன்றில் மரியாதையோடு புதைத்தார்கள். 1913இல் மறுபடி மேற்கு ஏரிக்குக் கொண்டுவந்தார்கள். ‘பெண்குல வீரர்’ என்று சுன் யாட்-சென் தன் கையால் எழுதிக் கொடுத்தார்.

அதோடு முடிந்தது என்று நினைப்பீர்கள். 1964இல் ஏரிக்கரையில் பிணங்களுக்கு என்ன வேலை என்று ஓர் இயக்கம் கிளம்பி, பழைய சமாதிகளைத் தோண்டி அகற்றியது. புலவர்கள், துறவிகள், சியூ ஜின் எல்லோரும் நகருக்கு வெளியே போனார்கள். கொஞ்ச நாளில் சியூ ஜின்னைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பழையதையெல்லாம் ஒழிக்க 1966இல் மாவோ கிளப்பிய கலாச்சாரப் புரட்சி வந்ததும் மீண்டும் வெளியே. 1981இல்தான் இப்போதிருக்கும் இடத்துக்கு எலும்புகள் வந்தன, பளிங்குச் சிலையும் எழுந்தது.

கணக்குப் பார்த்தால் மன்னராட்சி ஒரு தடவை விரட்டியது, புரட்சி அரசு இரண்டு தடவை விரட்டியது. நீங்கள் படம் பிடிக்கும் பீடத்தில் இதெல்லாம் எழுதியிருக்காது.

கேள்வி (இல்லத்தரசி ஒருவர்): அங்கே என்ன பூ வைப்பது? விளக்கு, ஊதுபத்தி கொண்டுபோகலாமா? கும்பிடலாமா?

பதில்: வெள்ளை அல்லது மஞ்சள் சாமந்தி. அங்கே அது நினைவுக்குரிய பூ, வாழ்த்துக்குக் கொடுக்க மாட்டார்கள். ஏரிக்கரைப் பூங்காவுக்குள் நெருப்புக் கூடாது, ஆகவே ஊதுபத்தியும் விளக்கும் வேண்டாம். தொப்பியைக் கழற்றி, இடுப்பை வளைத்து மூன்று முறை வணங்குவது அவர்கள் வழக்கம். நீங்கள் கைகூப்பினால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். நடுகல்லைக் கும்பிட்ட பரம்பரை நாம், கை தானாகக் குவியும். ஏப்ரல் 4 அல்லது 5இல் வரும் சிங்மிங் நாளில்தான் குடும்பங்கள் கல்லறைகளைச் சுத்தம் செய்யும். சிவப்புக் கழுத்துத்துணி கட்டிய பிள்ளைகளைப் பள்ளிகளே வரிசையாகக் கூட்டிவரும். தேசியத் தியாகிகள் நாள் செப்டம்பர் 30, 2014 முதல்.

ஒரு எச்சரிக்கை, சிரிக்காதீர்கள். 2018 முதல் அங்கே நாயகர்களையும் தியாகிகளையும் பாதுகாக்கத் தனிச் சட்டம் இருக்கிறது. 2021 முதல் அவர்களை இழிவுபடுத்துவது குற்றவியல் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். பேரப்பிள்ளைகள் சிலையின் வாளைப் பிடிப்பதுபோல் வேடிக்கை வீடியோ எடுக்க ஆசைப்படுவார்கள். வேறு எங்காவது எடுக்கட்டும்.

கேள்வி (தொழிற்சங்கத் தோழர் ஒருவர்): சியூ ஜின் கம்யூனிஸ்ட் இல்லையே. அந்தக் கட்சி ஏன் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது?

பதில்: எப்படி இருக்க முடியும் தோழர்? அவர் செத்து 14 ஆண்டுகள் கழித்து, 1921இல்தான் கட்சியே பிறந்தது. அவரைக் கொன்றது மன்னராட்சி. அதை வீழ்த்தியவர்களின் வாரிசு நான்தான் என்று சுன் யாட்-சென் வழிவந்த தேசியவாதக் கட்சிக்காரர்களும் சொன்னார்கள், கம்யூனிஸ்டுகளும் சொன்னார்கள். இரண்டு பேருக்கும் அவர் தேவைப்பட்டார். பின்னாளில் கம்யூனிஸ்ட் சீனத்தின் பிரதமரான சோ என்லாயின் பூர்வீகமும் ஷாவோசிங். 1939இல் ஊருக்குப் போனபோது உறவுக்காரப் பெண் ஒருத்திக்கு, சியூ ஜின்னின் வழியை மறக்காதே என்று எழுதிக் கொடுத்தார்.

இன்றைய அரசைப் பற்றி சியூ ஜின் ஒன்றும் எழுதி வைக்கவில்லை. அது பெரிய வசதி. எழுதி வைத்த இன்னொரு பெண்ணைப் பற்றி அடுத்த கேள்வி கேட்கிறது.

கேள்வி (ஷாங்காயில் வேலை பார்க்கும் வாசகர்): லின் ஜாவோ என்ற பெயரை இங்கே ஒரு நண்பர் மெதுவான குரலில் சொன்னார். சுட்ட தோட்டாவுக்கு அவர் தாயிடமே காசு வாங்கினார்கள் என்றார். நம்பலாமா?

பதில்: நம்பலாம் தம்பி. ஐந்து ஃபென். ஒரு யுவானில் இருபதில் ஒரு பங்கு.

லின் ஜாவோ சூசோ நகரத்தவர். இளம்வயதில் கட்சியை முழு மனதாக நம்பியவர், நிலச் சீர்திருத்தக் குழுவில் கிராமங்களுக்குப் போனவர். 1954இல் பெய்ஜிங் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1957இல் விமர்சியுங்கள் என்று மாவோ அழைத்தார். விமர்சித்தவர்கள் மேல் பாய்ந்தபோது, அவர்களுக்காகப் பேசிய இவர் மேலும் வலதுசாரி என்ற முத்திரை விழுந்தது. பஞ்சத்தில் ஜனங்கள் சாவதை எழுதிய ‘தீப்பொறி’ என்ற ரகசியக் கையச்சுப் பத்திரிகையில் இவருடைய நீண்ட கவிதை வந்தது. 1960 அக்டோபரில் கைது. தந்தை விஷம் குடித்து இறந்தார். நடுவில் சிகிச்சைக்காக வெளியே விட்டு மறுபடி பிடித்தார்கள். 1965இல் இருபது ஆண்டுத் தண்டனை. பேனாவைப் பிடுங்கியபோது விரலைக் குத்தி ரத்தத்தால் எழுதினார், துணியில், சுவரில், காகிதத்தில். கட்சி நாளேடான மக்கள் தினசரிக்கு ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட எழுத்துகளில் கடிதம் எழுதினார். 1968 ஏப்ரல் 29இல் ஷாங்காயில் சுட்டுக் கொன்றார்கள். மே 1 அன்று போலீஸ்காரர் தாயின் வீட்டுக் கதவைத் தட்டித் தோட்டாக் காசு கேட்டார்.

அந்தத் தாயின் சொந்தச் சகோதரர் ஷு ஜின்யுவான் கம்யூனிஸ்ட். 1927இல் தேசியவாதிகள் கொன்றார்கள். அவர் அரசு ஏற்ற தியாகி. மாமன் கொல்லப்பட்ட நினைவு நாளுக்காகச் சிறையில் இருந்தபடி லின் ஜாவோ கவிதை எழுதினார். நீங்கள் யாருக்காகச் செத்தீர்களோ அந்த மக்கள் இன்னும் பசித்த அடிமைகளாக இருக்கிறார்கள் என்று செத்தவருக்குச் சேதி சொல்கிற கவிதை அது. ஒரே குடும்பம். மாமனுக்குப் பட்டம், மருமகளுக்குத் தோட்டா.

1980இல் நீதிமன்றம், மனநோயாளியைத் தண்டித்துவிட்டோம் என்று சொல்லி விடுவித்தது. 1981இல் அந்த மனநோயையும் நீக்கி, குற்றமற்றவர் என்றது. தாய் அதற்குள் இறந்திருந்தார்.

கேள்வி (அதே வாசகர்): நோபல் பரிசு பெற்ற லியூ சியாவோபோவின் கல்லறை எங்கே?

பதில்: இல்லை. அரசை விமர்சித்துச் சிறைப்பட்ட எழுத்தாளர் அவர். 2017 ஜூலை 13இல் காவலில் இருந்தபடியே ஷென்யாங் மருத்துவமனையில் இறந்தார். 15ஆம் தேதி எரித்து, அன்றே டாலியன் கடலில் சாம்பலைக் கரைத்தார்கள். சியூ ஜின் கைதான தேதியும் வெட்டப்பட்ட தேதியும் அவைதான், சரியாக 110 ஆண்டு இடைவெளி. தற்செயல்தான். ஆனால் கல்லறை எழுப்பினால் பிறகு எவ்வளவு தொல்லை என்பதை அரசுகள் நன்றாகப் படித்து வைத்திருக்கின்றன.

கேள்வி (அவரே): கடைசியாக ஒன்று. லின் ஜாவோவின் கல்லறைக்கு நான் போகலாமா? ஏப்ரல் 29 போனால் பொருத்தமாக இருக்குமே?

பதில்: பொருத்தமாகத்தான் இருக்கும். அதனாலேயே அன்று போகாதீர்கள்.

இடம் சூசோவுக்கு மேற்கே, முடு ஊரை ஒட்டிய லிங்யான் மலைச்சரிவு. சூசோ மெட்ரோவின் முதல் தடத்தில் முடு வரை போகலாம், பிறகு வாடகைக் கார். மலையுச்சியில் பெயர்பெற்ற புத்த விகாரை இருக்கிறது, பெரும்பாலானவர்கள் அதற்காகவே வருவார்கள். கல்லறை சாதாரணப் பொது மயானத்தில், மற்றக் குடும்பங்களின் கல்லறைகளுக்கு நடுவே. 2004இல் அவருடைய சாம்பலை அங்கே வைத்தார்கள். வழிகாட்டிப் பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை. கல்லின் பின்புறம் அவர் 1964இல் எழுதிய வரிகள்: சுதந்திரத்துக்கு விலையில்லை, உயிருக்கு எல்லை உண்டு, உடைந்த பச்சைக்கல்லாக நாட்டுக்குப் பலியாவேன் என்று பொருள் தரும் நான்கு அடிகள். அந்தக் கல்லை நோக்கி ஒரு கண்காணிப்புக் கேமரா வைத்திருக்கிறார்கள். அதுவும் சியூ ஜின்னுக்குச் சிலை வைத்த அதே நாட்டில்தான்.

ஏப்ரல் 29 சுற்றி வழியை அடைத்துவிடுவார்கள். போலீஸும் சீருடை இல்லாதவர்களும் நிற்பார்கள். தூரத்து ஊர்களிலிருந்து வரும் சீனர்களை மறித்துத் திருப்பி அனுப்புவார்கள், சிலரைப் பிடித்து வைப்பார்கள். நீங்கள் வெளிநாட்டவர். உங்களைக் கேள்வி கேட்டு, பாஸ்போர்ட்டைப் புரட்டி, பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள். வேலை விசாவில் இருக்கிறீர்கள் என்பதால் பெரும்பாலும் என்ற சொல்லை நான் லேசாகச் சொல்லவில்லை. நான் போனது ஒரு மழைக்காலத்துச் சாதாரணக் கிழமையில். பக்கத்துக் கல்லறையை ஒரு வயதான தம்பதி துடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் எங்கே நிற்கிறேன் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். தலையைத் தூக்கவே இல்லை. யாரும் என்னைத் தடுக்கவுமில்லை. ஆனால் கேமரா வேலை செய்கிறது என்று வைத்துக்கொண்டே நடந்துகொள்ளுங்கள்.

முக்கியமானது இதுதான் தம்பி. பெயரை மெதுவாகச் சொன்ன அந்த நண்பரைக் கூடக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அவர் வருகிறேன் என்று சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். நீங்கள் என்றாவது விமானம் ஏறிவிடுவீர்கள், அவர் அங்கேயே இருக்க வேண்டியவர். காரை அவர் கைப்பேசியிலிருந்து அழைக்க வேண்டாம், மயானத்தின் பெயரை வீசாட்டில் அவருக்கு அனுப்பவும் வேண்டாம். விகாரை வாசலில் இறங்கி விசாரித்துக்கொண்டு நடங்கள். பூ வாங்கினால் முடுவிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். படம் எடுத்தால் கல் மட்டும் இருக்கட்டும், பக்கத்தில் இருக்கும் மனிதர்களின் முகம் வேண்டாம். அந்தப் படத்தையும் ஊர் திரும்பும் வரை யாருக்கும் அனுப்பாதீர்கள்.